பழைய கணினிக்குப் புது இயங்குதளம்: மாறினால் என்ன கூடக் கிடைக்கும்?

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு களுவாஞ்சிக்குடியில் இருக்கும் என்னுடைய கடைக்கு வருகிற நிறையப் பேர், புது இயங்குதளத்துக்கு (கணினியை ஓடவைக்கும் அடிப்படை மென்பொருளுக்கு) மாறினால் என்ன கூடக் கிடைக்கும் என்றுதான் கேட்கிறார்கள். கடை என்றால் தட்டச்சு, போட்டோக்கொப்பி, பிரிண்ட், கொஞ்சம் கணினித் திருத்தம், எல்லாம் ஒரே அறைக்குள். ஒருவருக்கு விளக்கம் சொல்லத் தொடங்கினால் அவருக்குப் பின்னால் அடையாள அட்டை கொப்பி எடுக்க வந்தவர்கள் வெயிலில் நிற்பார்கள். அதனால் ஆறுதலாக இங்கே எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கத்து வீடுகளில் இருக்கும் பழைய கணினிகளில் பெரும்பாலானவற்றுக்கு விண்டோஸ் 11ஐ விட லினக்ஸ் மிண்ட் என்ற இலவச இயங்குதளம்தான் பொருத்தம். ஆனால் என் கடைக் கணினிகள் எல்லாவற்றையும் நான் அதற்கு மாற்றவில்லை. மாற்றாததற்கு முக்கியக் காரணம் இயங்குதளம் அல்ல, நாங்கள் இத்தனை காலம் தமிழைத் தட்டச்சுச் செய்து வந்த விதம்.

மகிழூரிலிருந்து வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அவர் தன் லப்டொப்பை மேசையில் வைத்துவிட்டு நேராகவே கேட்டார்: "பிள்ள, இந்தப் பதினொண்டு எண்டுறது பழசை விட எதில கூட? மெனு நடுவுக்கு வந்திருக்கு எண்டு மட்டும் சொல்லாத, அது எனக்கும் தெரியுது."

சரியான கேள்வி. புது இயங்குதளம் என்றவுடன் எல்லோரும் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். மூலைகள் வளைந்திருக்கின்றன, நிறம் மாறியிருக்கிறது, மெனு இடம் மாறியிருக்கிறது. இதெல்லாம் ஒரு வாரத்தில் கண்ணுக்குப் பழகிப் போகும். ஆதரவு முடிந்த கணினியும் மறுநாள் காலையில் வழக்கம்போல ஓடும். நின்று போவது பாதுகாப்பு அப்டேட். 2017 மே மாதம் வன்னாக்ரை என்ற தீம்பொருள் உலகம் முழுக்கப் பரவியது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்டது. விண்டோஸ் கணினிகள் தங்களுக்குள் கோப்பைப் பகிரும் வழியில் இருந்த ஓட்டையால்தான் அது நுழைந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசொஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில், வெளியிட்டிருந்தது. போட்டவர்கள் தப்பினார்கள். போடாதவர்களில் பிரித்தானியாவின் ஆஸ்பத்திரிகளும் இருந்தன, நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டி வந்தது. இதைச் சொன்னதும் சேர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப இது பழுது வரும் எண்டுற கதை இல்ல, பூட்டுப் போட ஆளில்லை எண்டுற கதை" என்றார். அதேதான்.

விண்டோஸ் 11 வெறும் பூச்சு என்றும் நான் சொல்ல மாட்டேன். அது 2021இல் வந்தபோதே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கட்டாயமாக்கியது. வன்தட்டைப் பூட்டும் சாவியை அது தனியாகப் பாதுகாத்து வைக்கிறது. லப்டொப்பைக் களவெடுத்தவன் வன்தட்டைக் கழற்றி வேறு கணினியில் போட்டாலும் உள்ளே இருப்பதை வாசிக்க முடியாது. கணினி எழும்பும்போது இடையில் யாரும் கைவைக்கவில்லை என்று சரிபார்க்கவும் வழி இருக்கிறது. வங்கி வேலை, நோயாளர் விபரம் என்று மற்றவர்களின் தகவலை லப்டொப்பில் தூக்கிக்கொண்டு திரிகிறவருக்கு இது உண்மையான நன்மை. அப்படிப்பட்டவர் தாராளமாக விண்டோஸ் 11 உள்ள புதுக் கணினி வாங்கட்டும்.

ஆனால் எங்களிடம் இருக்கும் கணினிகள் எப்படிப்பட்டவை? வெளிநாட்டு அலுவலகங்கள் பாவித்துக் கழித்தவை இங்கே ரீகொண்டிஷன் என்று வருகின்றன. பிள்ளை உயர்தரத்துக்கு வந்துவிட்டது, ஒன்லைன் வகுப்பு இருக்கிறது என்று தாய்மார் சீட்டுக் காசில் வாங்கிக் கொடுத்தவை அவை. உங்கள் கணினி எந்தக் காலத்தது என்று நீங்களே பார்க்கலாம். இன்டெல் ஐ5-4570 என்று எழுதியிருந்தால், கோட்டுக்குப் பின்னால் வரும் முதல் இலக்கம் 4, நான்காம் தலைமுறை, 2013இல் வந்தது. ஐ5-6500 என்றால் ஆறாம் தலைமுறை, 2015. விண்டோஸ் 11க்கு இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும்தான் அதிகாரபூர்வமாகச் சேர்த்தி. நல்ல நிலையில் ஓடும் கணினி, கீபோர்ட்டில் ஒரு எழுத்துக்கூடத் தேயவில்லை, அதற்கு வாசல் மூடியிருக்கிறது.

அந்தச் சோதனையைச் சுற்றிக்கொண்டு பதினொன்றை ஏற்றும் வழிகள் யூடியூப் முழுக்கக் கிடக்கின்றன. கேட்டு வருகிறவர்களுக்கு நான் செய்து கொடுப்பதில்லை. தகுதியில்லாத கணினிக்கு அப்டேட் வரும் என்று உறுதி இல்லை என்று மைக்ரோசொஃப்டே சொல்லியிருக்கிறது. அப்டேட்டுக்காகத்தானே மாறுகிறோம்? அதுவே உறுதியில்லை என்றால் மாறி என்ன பயன்? அவகாசம் வேண்டுமென்றால் வேறு வழி இருக்கிறது. விண்டோஸ் 10க்கே 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டை நீட்டிக்க வீட்டுப் பாவனையாளருக்கு ஒரு திட்டம் உண்டு. மைக்ரோசொஃப்ட் கணக்கில் பதிய வேண்டும், அமைப்புகளை அந்தக் கணக்கோடு ஒத்திசைய விட்டால் காசும் இல்லை. உடனடியாக எதையும் மாற்ற முடியாதவர்களுக்கு இதைத்தான் முதலில் செய்து கொடுக்கிறேன்.

இன்னொரு விஷயத்தையும் வெளிப்படையாகப் பேச வேண்டும். இங்கே வரும் பல கணினிகளில் இருப்பது களவு விண்டோஸ். அதை ஓடவைக்கும் கிராக் மென்பொருளை ஏற்றும்போது முதல் வேலையாக வைரஸ் காவலை நிறுத்தச் சொல்லும். யார் எழுதியது என்று தெரியாத ஒன்றுக்காகக் காவலை நிறுத்திவிட்டு, அதே கணினியில் வங்கிக் கடவுச்சொல்லைத் தட்டுகிறோம். இது எனக்குச் சரியாகப் படவே இல்லை. லினக்ஸ் மிண்டுக்குக் காசு இல்லை, கிராக்கும் இல்லை. பின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்ஸ் என்ற கருவின் (இயங்குதளத்தின் உள் மையத்தின்) மேல், 2006இலிருந்து வளர்ந்து வரும் ஒன்று. 2024இல் வந்த மிண்ட் 22க்கு 2029 வரை அப்டேட் உண்டு. ஒரு கூலித் தொழிலாளியின் வீட்டுக் கணினியும் நேர்வழியில் கிடைத்த இயங்குதளத்தோடு ஓடலாம் என்பதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

மிண்டில் எனக்குப் பிடித்தது, ஏற்றாமலே ஓட்டிப் பார்க்கலாம். பென் ட்ரைவிலிருந்து கணினியை எழுப்பினால் வன்தட்டில் எதையும் தொடாமல் முழுசாக ஓடும். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, பிரிண்டரைத் தெரிகிறதா என்று வாடிக்கையாளரையே பக்கத்தில் இருத்திவைத்துப் பார்த்துவிடுவேன். பிடிக்காவிட்டால் பென் ட்ரைவைக் கழற்ற வேண்டியதுதான், அவருடைய விண்டோஸ் அப்படியே இருக்கும். அப்டேட்டும் நாங்கள் அழுத்தும்போதுதான் இறங்கும். டேட்டாவை அளந்து பாவிக்கும் வீடுகளில் இரவு டேட்டாவுக்கு வைத்துக்கொள்ளலாம். (விண்டோஸிலும் அளவுக் கட்டுப்பாடு போட வழி இருக்கிறது. அதை யாரும் போட்டு நான் கண்டதில்லை.) வேகத்தைப் பற்றி மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி என்ற வேகமான புதுவகை டிஸ்க்கைப் போட்டால் கிடைக்கிற வேகம், இயங்குதளத்தை மாற்றுவதால் மட்டும் கிடைக்காது. கையில் காசு கொஞ்சம்தான் என்றால் அதை முதலில் எஸ்எஸ்டிக்குப் போடுங்கள்.

இனி பென் ட்ரைவ் கதை. தவணைப் பரீட்சைக் காலத்தில் ஆசிரியர்மார் வினாத்தாளைப் பென் ட்ரைவில் கொண்டு வருவார்கள். அது பாடசாலைக் கணினி, வீட்டுக் கணினி, பக்கத்துக் கடைக் கணினி என்று சுற்றிவிட்டுத்தான் என் மேசைக்கு வரும். விண்டோஸில் போட்டால் உள்ளே ஃபோல்டர் இருக்காது, அதே பெயரில் ஷோர்ட்கட் மட்டும் நிற்கும், மூலையில் சின்ன அம்புக்குறியோடு. அதை இரண்டு தரம் அழுத்தினால் போதும், வைரஸ் அந்தக் கணினிக்கும் இறங்கிவிடும். ஒரு டீச்சர் "எல்லாம் அழிஞ்சு போச்சு தங்கச்சி, நாளைக்குச் சோதினை" என்று கலங்கிப்போய் நின்றார். மிண்ட் கணினியில் போட்டோம். பெயர் எழுத வேண்டிய இடம் வெறுமையாக ஒரு ஃபோல்டர் தெரிந்தது. திறந்தால் அவருடைய கோப்புகள் எல்லாம், ஆண்டு 8 கணிதத்திலிருந்து, பத்திரமாக உள்ளே கிடந்தன. அந்த வைரஸ் கோப்பை அழிப்பதில்லை. இப்படி ஒரு வெற்றுப் பெயர் ஃபோல்டருக்குள் தள்ளி, அதை விண்டோஸ் காட்டாதபடி மறைத்து வைக்கிறது. அந்த மறைப்புக் குறியை லினக்ஸ் பொருட்படுத்துவதில்லை. ஷோர்ட்கட் கோப்பும் அங்கே ஓடாது. கோப்புகளை வெளியே எடுத்து, மற்றதை அழித்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து கடைக்கு வரும் எந்தப் பென் ட்ரைவும் முதலில் மிண்ட் கணினிக்குத்தான் போகும், அப்புறம்தான் மற்றதுக்கு.

இதைக் கேட்டுவிட்டு லினக்ஸுக்கு வைரஸே வராது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். லினக்ஸில் ஓடும் சேர்வர்களைக் குறிவைக்கும் தீம்பொருட்கள் தாராளமாக இருக்கின்றன. எங்கள் பென் ட்ரைவுகளில் சுற்றுவது விண்டோஸுக்கென்று எழுதப்பட்டது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, இத்தனை நல்லது இருந்தும் எல்லாக் கணினியையும் ஏன் மாற்றவில்லை? இங்கேதான் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு வருகிறது.

எங்கள் பகுதியில் தட்டச்சுப் பழகிய என் வயதுக்காரர் பெரும்பாலும் பாமினியில்தான் பழகினோம். பாமினியில் "அம்மா" என்று தட்டினால் திரையில் அம்மா தெரியும். ஆனால் கோப்புக்குள் உண்மையில் கிடப்பது ஆங்கில எம், கே, பிறகு ஒரு அரைப்புள்ளி, இன்னொரு கே, ஒரு எச். அந்த எழுத்துரு உள்ள கணினியில் அது தமிழ், இல்லாத கணினியில் வெறும் ஆங்கிலக் கூட்டு. மிண்டில் பாமினியைப் போடுவது சுலபம், எழுத்துருக் கோப்பை இரண்டு தரம் அழுத்தி இன்ஸ்டோல் பண்ண வேண்டியதுதான். வேர்டின் இடத்தில் மிண்டில் பாவிக்கும் லிப்ரேஒபிஸில் பழைய கோப்புகள் நன்றாகவே திறக்கின்றன. ஒன்றை மட்டும் உடனே நிறுத்த வேண்டும். ஆங்கில வசனத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் தானியங்கித் திருத்தம் அதில் இருக்கிறது. பாமினியில் சின்ன எம் என்றால் அ, பெரிய எம் என்றால் ஆ. நீங்கள் "அரசாங்க அதிபர் அவர்களுக்கு" என்று தொடங்குவீர்கள், அது "ஆரசாங்க" என்று மாற்றி வைக்கும். மேற்கோள்குறியைத் தானாக வளைக்கும் வசதியையும் நிறுத்துங்கள், அதுவும் எழுத்தைக் கெடுக்கும். வேர்டிலும் இதே தொல்லை உண்டு. அங்கே எங்கே நிறுத்துவது என்று கைக்குத் தெரியும், இங்கே புதிதாகத் தேட வேண்டியிருக்கிறது.

எந்தக் கணினியிலும் தமிழைத் தமிழாகவே வைத்திருக்கும் யுனிகோடு முறைக்கு மாறுவதென்றால் விசைப்பலகைதான் எல்லோருக்கும் பயம். இலங்கையில் 2008இல் வந்த எஸ்எல்எஸ் 1326 தரம் ரெங்கநாதன் விசைப்பலகையை வைத்தது. பாமினியில் பழகிய விரலுக்கு அதில் பெரும்பாலான எழுத்துகள் அதே இடத்தில்தான் இருக்கின்றன. மிண்டில் ஐபஸ் என்ற உள்ளீட்டு முறையோடு எம்17என் தொகுதியையும் சேர்த்தால் ரெங்கநாதன் கிடைக்கிறது. தமிழ்99 என்ற இன்னொரு விசைப்பலகை பழகிய இளம் பிள்ளைகளுக்கு அதுவும் இருக்கிறது. என்னோடு வேலை செய்யும் தங்கச்சி அலைபேசியில் தமிழ் எழுதிப் பழகியவள், பாமினி தெரியாது. அவள் முதல் நாளே மிண்டில் கடிதம் அடித்தாள். நான்தான் கூடக் காலம் எடுத்தேன், பரவாயில்லை, இப்போது இரண்டும் ஓடுகிறது.

உண்மையான முட்டுக்கட்டை நினைவு மலர்கள். ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கும் சிறு புத்தகம். வாழ்க்கைக் குறிப்பு, தேவாரம், திருவாசகம், வம்சாவளி, கடைசியில் நன்றி நவிலல். இங்கே பல கடைகள் அதைப் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில்தான் வடிவமைத்தன, நாங்களும்தான். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது, யுனிகோடு அதற்குத் தெரியாது. மிண்டில் நேரடியாக ஓடவும் ஓடாது. லிப்ரேஒபிஸின் டிரோ என்ற வரைதல் பகுதி அந்தக் கோப்புகளைத் திறக்கும் என்பது உண்மை, ஆனால் நான் திறந்து பார்த்தவற்றில் பந்திகளும் படங்களும் இடம் மாறித்தான் வந்தன. தகப்பனுக்கு அடித்த மலரை வைத்திருந்து, பல வருடம் கழித்துத் தாய் காலமானதும் "அதே வம்சாவளியை இதிலயும் போட்டுத் தாங்க அக்கா" என்று பிள்ளைகள் வருவார்கள். திறக்க முடியவில்லை என்று அவர்களிடம் சொல்ல எனக்கு மனம் வராது. அதனால் ஒரு கணினியில் விண்டோஸ் 10ஐயும் பேஜ்மேக்கரையும் அப்படியே விட்டிருக்கிறேன். அதற்கு நெட் இணைப்பு இல்லை. புதிய மலர்களை ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில், யுனிகோடில் செய்யத் தொடங்கியிருக்கிறேன். தமிழ் எழுத்துகளை உடைக்காமல் காட்டுகிறது, கொம்பும் காலும் சரியான இடத்தில் விழுகின்றன. ஆனால் பழகப் பொறுமை வேண்டும். தொழிலுக்கு வரும் புதிய பிள்ளைகள் பேஜ்மேக்கரைப் பழகாமல் நேரே இதற்கு வருவதுதான் நல்லது என்பது என் எண்ணம்.

பிரிண்டரும் ஒரு தடை. விலை குறைந்த சில லேசர் பிரிண்டர்கள் பக்கத்தை அச்சுக்குத் தயார்படுத்தும் வேலையைத் தாங்கள் செய்வதில்லை. அதைக் கணினியின் தலையில் போட்டுவிட்டு, கம்பனிக்கு மட்டும் தெரிந்த ஒரு மொழியில் வாங்கிக்கொள்ளும். அந்தக் கம்பனி லினக்ஸுக்கு டிரைவர் தராவிட்டால் எங்களால் செய்யக்கூடியது குறைவு. கடையில் உள்ள பழைய லேசர் அந்த வகை. மிண்டில் பீடிஎஃப் ஆக்கி, விண்டோஸ் கணினியிலிருந்து அடிக்கிறோம். புதிதாக வாங்குகிறவர்கள் டிரைவர் இல்லாமலே நெட்வேர்க்கில் அச்சடிக்கும் வசதி உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள்.

ஆக யாருக்கு எது? யூடியூப், சூம் வகுப்பு, கூகுள் டொக்ஸ், பயோடேட்டா, வட்ஸ்அப் வெப் என்று பாவிக்கும் வீட்டுக்கு மிண்ட், யோசிக்கவே தேவையில்லை. எல்லாம் பிரவுசருக்குள் நடக்கும் வேலை. பழைய ஐ3, 4 ஜிபி ரேம் என்றால் எக்ஸ்எஃப்சிஈ பதிப்பைப் போடுங்கள், அது பாரம் குறைந்தது. ஃபோட்டோஷொப், கோரல் டிரோ வைத்துப் பிழைக்கிறவர், கல்யாண அல்பம் செய்கிறவர் விண்டோஸை விட வேண்டாம். அவர் எட்டாம் தலைமுறைக்கு மேற்பட்ட கணினி பார்த்து வாங்கட்டும், ரீகொண்டிஷனிலும் இப்போது அது கிடைக்கிறது. கேம் விளையாடும் பையன்கள் என்னிடம் கேட்பதில்லை, அவர்களுக்கு என்னை விட நன்றாகத் தெரியும்.

அந்தச் சேரின் லப்டொப் ஆறாம் தலைமுறை ஐ3. எஸ்எஸ்டி போட்டு மிண்ட் ஏற்றிக் கொடுத்தேன். அவர் ஊர்க் கோயில்களைப் பற்றிப் பாமினியில் நிறைய எழுதி வைத்திருக்கிறார். அதை இப்போது யுனிகோடுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறோம். மாற்றி மென்பொருள் அநேகமாகச் சரியாகவே செய்கிறது. ஆனால் இடையில் ஆங்கிலச் சொல்லோ மின்னஞ்சல் முகவரியோ வந்தால் அதையும் தமிழென்று நினைத்து மாற்றிவிடும், ஒவ்வொரு பக்கமாகக் கண் வைத்துப் பார்க்க வேண்டும். மாற்றி முடிந்த கட்டுரையில் ஒரு கோயிலின் பெயரைத் தேடல் பெட்டியில் தட்டினேன், அது வந்த இடமெல்லாம் மஞ்சளாகக் காட்டியது. "இவ்வளவு நாளும் இதை நான் கண்ணாலதானே பிள்ள தேடினான்" என்றார் சேர். அவருக்கு இயங்குதளம் மாறியதை விட அதுதான் பெரிய மாற்றம்.

மாற்ற நினைப்பவர்கள் பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு வாருங்கள், அப்போதுதான் கடையில் கூட்டம் குறையும். வரும்போது சார்ஜரையும், வீட்டுப் பிரிண்டரின் பெயர் இலக்கத்தை ஒரு துண்டில் எழுதியும் கொண்டு வாருங்கள். உங்கள் கோப்புகளை முதலில் வேறு டிஸ்க்கில் பிரதி எடுத்துவிட்டுத்தான் நான் கணினியில் கை வைப்பேன். அதற்கே ஒரு மணித்தியாலம் போகலாம், அவசரப்படுத்த வேண்டாம்.